ரிமோட்டில் திறக்கும் பின்கதவு: பொத்தானுக்கும் கதவுக்கும் நடுவே நடப்பது என்ன?

ஹேட்ச்பேக் காரின் பின்கதவை ரிமோட்டிலேயே தானாகத் திறக்கும்படி மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு சின்ன மோட்டார் போட்டால் போதும்" என்பார் ஒருவர். "அது பெரிய கார்களுக்கு மட்டுமே உரிய சமாச்சாரம்" என்பார் இன்னொருவர். "ஏற்கெனவே என் காரில் இருக்கிறதே, பொத்தானை அழுத்தினால் டப்பென்று சத்தம் வருகிறதே" என்று மூன்றாமவர் வியப்பார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் மூவரும் வேறு வேறு வேலைகளை ஒரே பெயரால் அழைக்கிறார்கள். கடையில் வாங்கிய பொருளைப் பொருத்திய பிறகு, "திறக்கும் என்றார்கள், விரல் அளவு இடைவெளிதான் விடுகிறது" என்று ஏமாற்றம் அடைபவர்களின் குறை பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது. ஆகவே, திறப்பது என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

ஒரு சொல்லுக்குள் நான்கு வேலைகள்

பொத்தானை அழுத்தினால் விரியும் குடையை எல்லோரும் கையாண்டிருப்போம். பொத்தான் குடையை விரிப்பதில்லை. உள்ளே அமுக்கப்பட்ட ஒரு சுருள்வில் காத்திருக்கிறது. பொத்தான் அதைப் பிடித்திருக்கும் சிறு கொக்கியை விடுவிக்கிறது, அவ்வளவே. விரிக்கும் வேலையை வில் செய்கிறது. குடையை மடக்கும்போது அந்த வில்லை மறுபடி அமுக்குவது நம் கை. அடுத்த முறை குடை விரிவதற்கு வேண்டிய உழைப்பை நாம் முன்கூட்டியே செலுத்திவிடுகிறோம் என்று இதைச் சொல்லலாம்.

காரின் பின்கதவும் ஏறத்தாழ இதே போன்றதுதான். அதில் நான்கு வேலைகள் உள்ளன. பூட்டு நீங்குவது முதலாவது. இதற்குப் பிறகும் கதவு மூடியபடியேதான் இருக்கும், ஆனால் வெளியே இருக்கும் கைப்பிடி வேலை செய்யும். கதவைப் பிடித்திருக்கும் கொக்கி விடுபடுவது இரண்டாவது. எடையைத் தாங்கிக் கதவை மேலே தூக்குவது மூன்றாவது. மேலே போன கதவை மறுபடி இறக்கி மூடுவது நான்காவது.

பெரும்பாலான கார்களின் ரிமோட் முதல் வேலையையோ, முதல் இரண்டையோ மட்டுமே செய்கிறது. மூன்றாவதைச் சேர்ப்பதுதான் உண்மையான மாற்றம். நான்காவதையும் சேர்த்தால் செலவும் சிக்கலும் வேறொரு தளத்துக்குப் போய்விடுகின்றன. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது பாதி வேலையை முடித்ததற்குச் சமம்.

கொக்கி விடுபடும் விதம்

பின்கதவின் கீழ் விளிம்பில் நகம் போன்ற ஓர் உலோகத் துண்டு சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கும். காரின் உடலில் வளையம் போன்ற ஓர் இரும்புக் கம்பி இருக்கும். கதவை மூடும்போது நகம் சுழன்று அந்த வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. நகம் திரும்பி வந்துவிடாதபடி ஒரு சிறு பல் அதைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த அமைப்பு முழுவதற்கும் லாட்ச் என்று பெயர்.

கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும், லாட்சை விடுவிக்க அந்தச் சிறு பல்லைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். அதனால்தான் உள்ளங்கையில் அடங்கும் மோட்டாரே இதற்குப் போதுமானதாகிறது. பழைய கார்களில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோலை இழுத்தால், ஒரு கம்பி வடம் பின்னால் போய் இதே பல்லை நகர்த்தும். அத்தகைய காரில் ரிமோட் வசதி வேண்டுமென்றால், அந்த வடத்தையோ லாட்சையோ இழுக்க ஒரு சிறு மின் இயக்கியைச் சேர்க்கிறார்கள். வெளியே ரப்பர் மூடிய பொத்தான் உள்ள கார்களில் மோட்டார் ஏற்கெனவே லாட்சுக்குள் இருக்கும். அங்கே செய்ய வேண்டியது அந்தப் பொத்தானை மின்சாரத்தால் அழுத்துவது மட்டுமே.

பல் விலகியதும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையும் மூலைகளில் உள்ள ரப்பர் முட்டுகளும் தம் அமுக்கத்திலிருந்து விடுபட்டுக் கதவைச் சற்று வெளியே தள்ளுகின்றன. அந்தச் சிறு இடைவெளியையும் "டப்" என்ற ஒலியையும் கண்டு கதவு தானாகத் திறந்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். திறப்பதற்குரிய தடை நீங்கியிருக்கிறது. தூக்கும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

கதவின் எடையைத் தாங்கும் வாயுத் தண்டு

பின்கதவின் இரு பக்கமும் கறுப்பு நிறத்தில் நீண்டு சுருங்கும் தண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கேஸ் ஸ்ட்ரட் என்பார்கள். இங்கே வாயுத் தண்டு என்று அழைப்போம். மூடிய குழாய்க்குள் நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். சிறிது எண்ணெயும் இருக்கும். மெல்லிய கம்பி ஒன்று குழாய்க்குள் போய்வரும். வாய் அடைத்த சைக்கிள் பம்பின் கைப்பிடியை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது திரும்பி எழும் அல்லவா, அதுதான் இதன் அடிப்படை. குழாயின் உள்ளே இருக்கும் பிஸ்டனில் சிறு துளைகள் இருப்பதால் வாயு அதன் இருபுறமும் ஒரே அழுத்தத்தில் பரவுகிறது. எனவே வெளியே தள்ளும் விசை, பிஸ்டனின் பரப்பைப் பொறுத்ததன்று; வாயுவின் அழுத்தத்தையும் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பையுமே பொறுத்தது.

தண்டின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் 400 நியூட்டன் என்பது போல ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். கம்பியின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால், அந்த விசைக்கு உள்ளே சுமார் 80 பார் அழுத்தம் தேவை. கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். இந்தத் தண்டைத் துளைக்கவோ சூடாக்கவோ அறுக்கவோ கூடாது என்று எச்சரிப்பதன் காரணம் இந்த ஒப்பீட்டிலேயே விளங்கும்.

வாயு என்பதால் இது வெப்பநிலைக்கு ஆடும். அறை வெப்பநிலையை ஒட்டி 10 டிகிரி குறைந்தால் விசையும் சுமார் 3.5 சதவீதம் குறைகிறது. வெயிலில் நின்ற காரில் விறுவிறுவென எழும் கதவு, குளிர்ந்த விடியற்காலையில் பாதி வழியில் தயங்குவது பழுதாக இருக்க வேண்டியதில்லை. மாறாக, எல்லா வேளையிலும் தயங்கினால் ஆண்டுக்கணக்கில் வாயு கசிந்து தண்டு தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட தண்டின் மீது எந்த ரிமோட்டைப் பொருத்தியும் பயனில்லை.

மூடிய கதவின் முன் தண்டு ஏன் தோற்கிறது?

இந்தப் பகுதி புரிந்துவிட்டால் மற்றவை எளிது. அதற்கு ஒரு சொல் தேவை: திருப்புத்திறன். ஒரு விசை ஒரு கீலைச் சுற்றி எவ்வளவு சுழற்றுகிறது என்பதன் அளவு அது. விசையை, கீலிலிருந்து அந்த விசை செல்லும் கோட்டுக்கு உள்ள தூரத்தால் பெருக்கினால் கிடைக்கும். வீட்டுக் கதவைக் கைப்பிடி அருகே தள்ளினால் ஒரு விரல் போதும். கீலருகே தள்ளினால் தோளைக் கொடுத்தாலும் அசையாது. விசை அதேதான், தூரம்தான் வேறு.

பின்கதவில் இரண்டு திருப்புத்திறன்கள் மோதுகின்றன. கதவின் எடை அதைக் கீழே சுழற்றப் பார்க்கிறது, தண்டுகள் மேலே சுழற்றப் பார்க்கின்றன. விளங்குவதற்காக ஒரு கதவைக் கற்பனை செய்வோம். எடை 20 கிலோ; இரண்டு தண்டுகள், ஒவ்வொன்றும் 400 நியூட்டன். கதவு மூடியிருக்கும்போது எடை மையம் கீலிலிருந்து கிடைமட்டமாக 35 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், கீழே இழுக்கும் திருப்புத்திறன் சுமார் 69 நியூட்டன் மீட்டர். அதே நிலையில் தண்டுகள் கதவோடு ஒட்டிப் படுத்திருக்கும். அவற்றின் விசைக்கோடு கீலுக்கு வெறும் 4 செ.மீ. தூரத்தில் செல்கிறது என்று கொள்வோம். தூக்கும் திருப்புத்திறன் இரண்டும் சேர்ந்து 32 மட்டுமே. தண்டுகள் தோற்கின்றன. மீதியுள்ள 37 நியூட்டன் மீட்டரை நம் கை தர வேண்டும். கீலிலிருந்து 90 செ.மீ. தள்ளி உள்ள கைப்பிடியில் அது ஏறத்தாழ 4 கிலோ எடையைத் தூக்கும் முயற்சிதான்.

கதவு பாதி எழுந்த பிறகு கதை மாறுகிறது. எடை மையம் 50 செ.மீ. தள்ளிப் போவதால் கீழே இழுப்பது 98 ஆக உயர்கிறது. ஆனால் தண்டுகள் இப்போது நிமிர்ந்துவிட்டன. அவற்றின் தூரம் 14 செ.மீ. ஆகிவிட்டால் தூக்குவது 112. தண்டுகள் வெல்கின்றன, கையை எடுத்தாலும் கதவு தானே மேலே போகிறது. நடுவில் எங்கோ இரண்டும் சமமாகும் ஓர் இடம் இருக்கிறது. அதைச் சமநிலைப் புள்ளி என்போம்.

இந்தப் புள்ளியைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். காரின் பின்னால் நின்று லாட்சை விடுவித்து, கதவின் கீழ் விளிம்பின் அடியில் இரண்டு விரல்களை மட்டும் வைத்து மெல்ல உயர்த்துங்கள். முதலில் விரல் நுனிகள் வெளுக்கும் அளவுக்குச் சுமை தெரியும். உயர உயரச் சுமை கரைந்துகொண்டே வரும். ஓரிடத்தில் கதவு எடையற்றது போல விரல் மீது மிதக்கும். அதைத் தாண்டினால் விரலை விட்டுத் தானே விலகிச் செல்லும். மிதந்த அந்த இடத்தின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டால், உங்கள் காரில் தானாகத் திறக்கும் வசதிக்கு எவ்வளவு தூரம் குறைவாக உள்ளது என்பது எந்தக் கடைக்காரர் சொல்வதையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இப்படி மூடிய நிலையில் தண்டு தோற்கும்படி வடிவமைத்தது குறையன்று. லாட்ச் விடுபட்டவுடன் கதவு எகிறி எழுந்து பின்னால் நிற்பவரின் முகவாயில் மோதாமல் இருக்கவும், மூடிய கதவு தன் எடையாலேயே ரப்பர் பட்டையின் மீது அமர்ந்திருக்கவும் இது உதவுகிறது.

சுருக்கமாக: கொக்கியை விடுவிப்பது எளிது, சமநிலைப் புள்ளிக்குப் பிறகு தூக்குவதும் தண்டின் வேலை. தானாகத் திறப்பதற்குத் தடையாக நிற்பது, மூடிய நிலைக்கும் சமநிலைப் புள்ளிக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய பகுதி ஒன்றுதான்.

வலுவான தண்டு போட்டுவிட்டால்?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இது. விலை குறைவு, அரை மணி நேர வேலை. மேலே சொன்ன கதவிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். மூடிய நிலையிலேயே 69-ஐ வெல்ல வேண்டுமானால் ஒவ்வொரு தண்டும் சுமார் 860 நியூட்டன் விசை தர வேண்டும், அதாவது இருமடங்குக்கு மேல். அதே தண்டுகள் பாதி எழுந்த நிலையில் 240 நியூட்டன் மீட்டர் தரும், தேவையோ 98. மிஞ்சியது முழுவதும் கதவை மேலே வீசி எறியும் வேகமாக மாறும். மூடும்போது கைப்பிடியில் 16 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு ஈடான விசையோடு இழுக்க வேண்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு இன்னும் பெரியது. மூடிய நிலையில் தண்டின் விசைக்கோடு கீலுக்கு மிக அருகே செல்வதால், அந்த 860 நியூட்டனில் பெரும்பகுதி கதவைத் தூக்காமல் கீலையும் தண்டு பொருத்தப்பட்ட உருண்டை முனைகளையும் அழுத்திக்கொண்டிருக்கிறது. கார் நிற்கும் நேரமெல்லாம், இரவும் பகலும். தகடு வளைந்து, கதவின் மேல் மூலைகளில் இடைவெளி மாறி, மழை நீர் உள்ளே வரத் தொடங்கும்போதுதான் காரணம் உறைக்கும்.

ஓரளவுக்கு ஏற்கத்தக்க நடுவழி ஒன்று உண்டு. தண்டின் விசையைச் சிறிதளவே கூட்டிவிட்டு, கதவின் கீழ் விளிம்பில் ஒரு தள்ளுவில்லை வைப்பது. அங்கே கீலிலிருந்து தூரம் அதிகம் என்பதால், தண்டில் நூற்றுக்கணக்கான நியூட்டன் கூட்டிச் செய்வதைச் சில பத்து நியூட்டன் விசையாலேயே செய்துவிடலாம். ஆனால் அந்த வில் சில செ.மீ. தூரமே தள்ளும், மீதித் தூரத்தைக் கதவு தான் பெற்ற வேகத்தில் கடந்து சமநிலைப் புள்ளியை எட்ட வேண்டும். அந்தப் புள்ளி தாழ்வாக உள்ள கார்களில் இது அழகாக வேலை செய்கிறது. உயரமாக உள்ள கார்களில் கதவு எழுவது போல எழுந்து மறுபடி விழுகிறது. குளிர்ந்த நாளில் எழாமல் போவதும் உண்டு. இந்த முறையை நான் பரிந்துரைப்பதென்றால், முன் சொன்ன விரல் சோதனைக்குப் பிறகுதான்.

மோட்டார் உள்ள தண்டு

தானாகத் திறந்து தானாக மூட வேண்டுமானால், வாயுத் தண்டுக்குப் பதிலாக மின் தண்டு வருகிறது. வெளியே பார்க்க அதே போன்ற குழாய்தான். உள்ளே ஒரு சிறு மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கரங்கள், நீண்ட திருகு, அதைச் சுற்றி ஒரு வலுவான சுருள்வில் ஆகியவை இருக்கும். மோட்டார் திருகைச் சுழற்ற, அதன் மீது ஏறிய மரை நகர்ந்து தண்டை நீட்டுகிறது. எதிர்த்திசையில் சுழன்றால் தண்டு சுருங்கிக் கதவு மூடுகிறது.

சுருள்வில் எதற்கு என்று கேட்கலாம். கதவின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது அதுதான். எடைக்கும் வில்லுக்கும் இடையே மிஞ்சும் வேறுபாட்டை மட்டும் மோட்டார் ஈடுசெய்கிறது. வில்லே இல்லையென்றாலும் கணக்கு அச்சமூட்டுவதாக இல்லை. 20 கிலோ எடை மையத்தை 60 செ.மீ. உயர்த்த 120 ஜூலுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் போதும்; 5 வினாடியில் உயர்த்தினால் சுமார் 24 வாட், 12 வோல்ட் பேட்டரியில் 2 ஆம்பியர். நடைமுறையில் உராய்வும், மோட்டார் கிளம்பும் கணத்தின் இழுப்பும் சேர்ந்து இதைப் பல மடங்கு உயர்த்துவதால்தான் இதற்குத் தனியான தடித்த வயர் வேண்டியிருக்கிறது.

மூடும்போது கடைசிச் சில மில்லிமீட்டர் தனிப் பிரச்சினை. ரப்பர் பட்டையை அமுக்கி லாட்சைக் கவ்வ வைக்கப் பெரும் விசை வேண்டும். நாம் கையால் மூடும்போது படாரென்று அடித்துச் செய்வது அதைத்தான். மெல்ல இறங்கும் மின் தண்டால் அப்படி அடிக்க முடியாது. ஆகவே முழுமையான மாற்றத்தில் லாட்சையும் மாற்றுகிறார்கள்: நகம் பாதி கவ்வியதும் இன்னொரு மோட்டார் அதைச் சுழற்றி வளையத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த இழுக்கும் லாட்ச் இல்லாத மலிவான தொகுப்புகளில் கதவு மூடியது போல் தோன்றினாலும் பாதிக் கவ்வலில் நின்றுவிடக்கூடும்.

ரிமோட்டிலிருந்து லாட்ச் வரை

ரிமோட் வானொலி அலையில் ஒரு குறியீட்டை அனுப்புகிறது. 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. காரில் உள்ள வாங்கி (ரிசீவர்) அந்தக் குறியீட்டைச் சரிபார்த்து மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை வெளியிடுகிறது. அந்த மின்னோட்டத்தால் மோட்டாரை இயக்க முடியாது. இடையே ரிலே வருகிறது: விரலுக்குப் பதில் மின்காந்தம் அழுத்தும் ஒரு சுவிட்ச் என்று அதை நினைத்துக்கொள்ளலாம். சிறு மின்னோட்டம் மின்காந்தத்தை இயக்க, அது பெரிய மின்னோட்டத்தின் பாதையை மூடுகிறது. லாட்சைப் பொறுத்தவரை இந்தச் சுவிட்ச் அரை வினாடி மூடியிருந்தாலே போதும். தொடர்ந்து மூடியிருந்தால் இயக்கி சூடாகிக் கருகும்.

பேட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் மோட்டாரைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. காரின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை கம்பளத்தின் அடியில் ஓடும் வயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டுவிட்டால், ஃப்யூஸுக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டுமே தீயிலிருந்து பாதுகாக்கப்படும். முன்னால் உள்ள பகுதிக்குப் பாதுகாப்பே இல்லை.

குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காரோடு வரும் ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். தனியாக விற்கும் மலிவான வாங்கிகள் பலவும் எப்போதும் ஒரே குறியீட்டை ஏற்பவை. அருகிலிருந்து அதைப் பதிவு செய்பவர் பிறகு அப்படியே ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடலாம். செடான் காரில் டிக்கி தனி அறை. ஹேட்ச்பேக்கில் பின்கதவு திறந்தால் காரே திறந்த மாதிரிதான், பின் இருக்கையைத் தாண்டி உள்ளே வந்துவிடலாம். ஆகவே மாறும் குறியீடு உள்ள வாங்கியையோ, காரின் சொந்த ரிமோட்டையோதான் பயன்படுத்த வேண்டும். பையில் கிடக்கும் ரிமோட் தற்செயலாக அழுந்திக் கதவு திறந்துவிடாதபடி, நீண்ட அழுத்தம் அல்லது இரட்டை அழுத்தம் கேட்கும் அமைப்பும் தேவை.

எப்போது திறக்கக் கூடாது?

திறக்க வைப்பதைவிடத் திறக்காமல் வைப்பதுதான் இந்த மாற்றத்தின் கடினமான பகுதி. கார் ஓடும்போது ரிமோட் அழுந்தினாலும் லாட்ச் அசையக் கூடாது. என்ஜின் இயங்கும்போது ரிலேக்கு மின்சாரமே போகாதபடி இணைப்பது எளிய வழி. காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வேகத்தைப் படித்து முடிவெடுப்பது நுட்பமான வழி. பொருள்கள் விழுவது மட்டும் ஆபத்தன்று. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்த பகுதி ஒன்று உருவாகிறது. பின்கதவு திறந்திருந்தால் சைலன்சர் புகை அதன் வழியே உள்ளே இழுக்கப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு மணமே கிடையாது. எனவே கதவு திறந்திருப்பதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கின் வயரை எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது.

தானாக மூடும் கதவில் கை அகப்படாமல் இருப்பதற்கு மோட்டாரின் மின்னோட்டம் கண்காணிக்கப்படுகிறது. தடை ஏற்பட்டால் மின்னோட்டம் திடீரென உயரும்; உடனே மோட்டார் நின்று எதிர்த்திசையில் சுழல வேண்டும். பொருத்தி முடித்ததும் சுருட்டிய துணி ஒன்றைக் கதவின் வழியில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். துணியை நசுக்கும் கதவை எடுத்துக்கொண்டு பட்டறையை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

கீலருகே உள்ள ரப்பர் குழாய்

கூரைக்கும் பின்கதவுக்கும் இடையே மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய் தெரியும். பின்கதவுக்குப் போகும் வயர்கள் எல்லாம், துடைப்பான், கண்ணாடிச் சூடேற்றி, நம்பர் பிளேட் விளக்கு உட்பட, அதற்குள்தான் போகின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை வளைந்து நிமிர்கின்றன. பழைய காரில் அந்தக் குழாயைப் பிதுக்கிப் பார்த்தால், மேல் உறை வெடித்துச் செம்பு இழைகள் எட்டிப் பார்ப்பதும், சில வயர்கள் உறை மட்டுமே மிஞ்சி உள்ளே அறுந்து கிடப்பதும் அரிதன்று. புதிய வயரை இதே வழியில்தான் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது பழையவற்றையும் பார்த்துச் சரிசெய்துவிடுவது நல்லது. அடிக்கடி வளைவதைத் தாங்கும் மெல்லிழை வயரை, சற்றுத் தளர்வு விட்டுப் போட வேண்டும். ஒட்டுகள் குழாய்க்குள் வரக் கூடாது.

பேட்டரி இறங்கிப் போனால் ரிமோட்டும் மோட்டாரும் பயன்படா. அப்போது பின் இருக்கையை மடக்கி உள்ளே ஊர்ந்து சென்று, பின்கதவின் உட்பக்க அட்டையில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால், பல கார்களில் லாட்சைக் கையாலேயே விடுவிக்கும் ஒரு நெம்பு கிடைக்கும். புதிய ரிலேயையும் வயர்க் கட்டையும் இடவசதி கருதி அந்தத் துளைக்குப் பின்னால்தான் திணிப்பார்கள். அவற்றை வேறு பக்கம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, அட்டையை மூடும் முன்பு, விரல் அந்த நெம்பை எட்டுகிறதா என்று ஒருமுறை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.